பாய்மரம் ஓடத் தகுந்த பனிக்கட்டி

அமெரிக்காவின் வெர்மான்ட், விஸ்கான்சின் போன்ற வடபகுதி மாநிலங்களில் குளிர்காலம் பல மாதங்கள் நீடித்தாலும், உறைந்த ஏரிகளின் மீது பாய்மரம் ஓட்டுவோருக்கு உகந்த நாட்கள் மிகச் சிலவே அமைகின்றன. இவர்கள் ஓட்டும் பனிப்படகு, மூன்று எஃகுத் தகடுகளின் மேல் நிற்கும் இலேசான பாய்மரப் படகு. 1930-களின் பிற்பகுதியில் டெட்ராய்ட் நியூஸ் நாளிதழின் மரவேலைக் கூடத்தில் உருவாகி, அந்த நாளிதழின் முதலெழுத்துகளால் டி.என். என்றே அழைக்கப்படும் படகு, 12 அடி நீளமும் 60 சதுர அடிப் பாயும் கொண்டது. படகே இல்லாமல், ஸ்கேட் காலணி அணிந்து, கையில் பிடித்த பாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு காற்றோடு விரைவோரும் உண்டு. எஃகுத் தகட்டுக்கும் பனிக்கட்டிக்கும் இடையே உராய்வு மிகக் குறைவாக இருப்பதால், நல்ல பனிப்படகு காற்றைப் போல மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் முன்னே தெரியும் விரிசலைக் கண்டபின் முடிவெடுக்க நேரம் இருக்காது. எனவே ஏரியில் இறங்கும் முன்பே பனிக்கட்டியை அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிக அடர்த்தி பெறுகிறது. இலையுதிர்காலத்தில் குளிரும் மேல்நீர் கீழே இறங்க, அடிநீர் மேலே வர, ஏரி முழுவதும் 4 டிகிரியை நெருங்கும் வரை இந்தப் புரளல் தொடர்கிறது. அதன் பிறகு மேலும் குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்குவதால், மேகமும் காற்றும் இல்லாத ஓர் இரவில் மேற்பரப்பு வானை நோக்கி வெப்பத்தை இழந்து உறைந்துவிடும். ஆழமான ஏரி இழக்க வேண்டிய வெப்பம் அதிகம் என்பதால் அது தாமதமாகவே உறைகிறது. வெர்மான்ட், நியூயார்க் மாநிலங்களுக்கும் கனடாவின் கியூபெக்குக்கும் இடையே கிடக்கும் சாம்ப்ளெய்ன் ஏரி இதற்கு நல்ல சான்று. அதன் வடகோடியில் சில மீட்டர் ஆழமே உள்ள மிசிஸ்குவா விரிகுடா முதலில் உறைந்துவிடும். 120 மீட்டர் வரை ஆழம் செல்லும் அகன்ற நடுப்பகுதியோ பல ஆண்டுகளில் முழுவதுமாக உறைவதே இல்லை.

காற்றில்லாத இரவில் உருவாகி, அடிப்புறத்தில் நீர் உறைந்து உறைந்து தடிக்கும் பனிக்கட்டியில் காற்றுக்குமிழிகள் மிகக் குறைவு. அதன் ஊடே ஏரியின் இருண்ட நீர் தெரிவதால் அதைக் கரும்பனிக்கட்டி என்கிறார்கள். வழவழப்பிலும் உறுதியிலும் அதற்கு இணையானது வேறில்லை. ஆனால் அது தடிக்கும் வேகம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். கீழே உறையும் நீர் விடுகின்ற வெப்பம் ஏற்கெனவே உள்ள பனிக்கட்டியைக் கடந்துதான் காற்றுக்குச் சேர வேண்டும் என்பதே காரணம். குளிர் மாறாமல் இருந்தால், முதல் 5 சென்டிமீட்டருக்கு ஆகும் காலத்தைப் போல மூன்று மடங்கு காலம் அடுத்த 5 சென்டிமீட்டருக்கு ஆகும். தாங்கும் திறனோ தடிமனின் இருபடிக்கு ஏற்ப மாறுகிறது. தடிமன் பாதியானால் திறன் கால்பங்காகிவிடும். ஒருவர் நடக்கத் தெளிந்த கரும்பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம், அதாவது சுமார் 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று மின்னசோட்டா மாநில இயற்கை வளத் துறை அறிவுறுத்துகிறது. குமிழிகள் நிறைந்த வெள்ளைப் பனிக்கட்டியாக இருந்தால் அதன் இருமடங்கு தடிமன் தேவை.

இந்த விளையாட்டின் பெரும்பகை வெண்பனி. சில சென்டிமீட்டர் பொழிந்தாலே தகடுகள் இழுபடத் தொடங்கும். காற்றில் குவிந்து இறுகிய திட்டில் மோதினால் படகு சட்டென நின்று ஓட்டுபவர் தூக்கி எறியப்படலாம். கண்ணுக்குத் தெரியாத கேடு இதைவிடப் பெரிது. 5 சென்டிமீட்டர் வெண்பனி, அரை மீட்டர் பனிக்கட்டிக்கு நிகராக வெப்பத்தைத் தடுக்கக்கூடியது. அதன் அடியில் பனிக்கட்டி தடிப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மேலும், 10 சென்டிமீட்டர் பனிக்கட்டி மிதக்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சென்டிமீட்டர்கூட எழுந்து நிற்பதில்லை. அதன்மேல் 8, 9 சென்டிமீட்டர் இலேசான புதுப்பனி விழுந்தாலே பாரத்தால் தாழ்ந்து, விரிசல்கள் வழியே நீர் மேலேறி, எல்லாம் சேறுபோலக் குழைந்துவிடும். அந்தக் குழைவு மீண்டும் உறைந்தால் கரடுமுரடான வெள்ளைப் பனிக்கட்டியே மிஞ்சும். ஆனால் நன்றாக மழை பெய்தோ வெயிலடித்தோ பனி முழுவதும் உருகி, அதன்பின் கடுங்குளிர் வந்தால், ஒரே இரவில் ஏரி மீண்டும் ஓடத் தகுந்த தளமாக மாறிவிடுகிறது.

ஆகவே ஒவ்வோர் ஏரியைப் பற்றியும் முதலில் அறிய வேண்டியது, அது கடைசிப் பனிப்பொழிவுக்கு முன் உறைந்ததா, பின் உறைந்ததா என்பதுதான். சிறிய ஏரிகள் பனியால் மூடப்பட்டுப் பயனற்றுப்போன ஜனவரி இறுதியில், அப்போதுதான் உறைந்த ஆழமான ஏரி ஒன்று கண்ணாடிபோலக் கிடக்கலாம். அனுபவமுள்ளோர் ஒரே ஏரியை நம்பியிராமல், வானிலையின் போக்கைப் பின்தொடர்ந்து ஏரி ஏரியாக நகர்வது இதனால்தான். இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும், 10 மீட்டர் நுணுக்கமுள்ள படங்கள் இதற்குப் பேருதவி புரிகின்றன. பனி மூடிய பழைய பனிக்கட்டி வெள்ளையாகத் தெரியும். புதிய கரும்பனிக்கட்டியும் திறந்த நீரும் ஒரே கருமையாகத் தெரிவதுதான் சிக்கல். முந்தைய படங்களோடும் அந்த நாட்களின் காற்று, வெப்பநிலை பதிவுகளோடும் ஒப்பிட்டால் ஓரளவு பிரித்தறியலாம். ஆனால் படத்தை மட்டும் நம்பி எவரும் ஏரியில் கால் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏனெனில் ஒரே ஏரியில் இடத்துக்கு இடம் தடிமன் மாறும். ஆறு கலக்கும் முகத்துவாரம், பாலத்தின் அடி, இரு நிலங்களுக்கு இடைப்பட்ட நீரோட்டமுள்ள குறுகலான வழி, ஊற்றுகள், வாத்துக்கூட்டம் நீந்தி உறையவிடாமல் வைத்திருந்த இடம் ஆகியவை எப்போதும் ஐயத்துக்குரியவை. பனிக்கட்டி வெப்பத்தால் விரிந்து குளிரால் சுருங்கும் பொருளும்கூட. ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பின் சராசரி வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால், அது ஏறத்தாழ அரை மீட்டர் சுருங்கிப் பிளக்கிறது. பிளவில் நீர் புகுந்து உறைகிறது. வெப்பம் ஏறும்போது மீண்டும் விரியும் பரப்புக்கு இப்போது இடம் போதாமல், அது உடைந்து மேடாக எழுகிறது. இந்த அழுத்த மேடுகள் பெரும்பாலும் ஒரு நிலமுனையிலிருந்து மறுமுனை வரை, ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே தடத்தில் உருவாகின்றன. மேட்டின் ஓரம் மடிந்து தாழ்ந்து, அங்கே திறந்த நீர் தேங்கியிருக்கும். காலையில் கடக்க முடிந்த இடம் மாலையில் கடக்க முடியாததாகிவிடும்.

இறுதிச் சோதனை கையில் உள்ள இரும்புமுனைக் கோலால்தான். பாய் விரிக்கும் முன் ஸ்கேட் காலணியில் சென்று, சில அடிகளுக்கு ஒருமுறை கோலால் ஓங்கிக் குத்தி, எத்தனை குத்தில் முனை நீரைத் தொடுகிறது என்று பார்க்கிறார்கள். ஒரே குத்தில் துளை விழுந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். ஓசையும் துணை செய்கிறது. மெல்லிய பனிக்கட்டி உயர்ந்த சுருதியிலும் தடித்தது தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும். உயிர்காப்பு மேலங்கி, வீசும் கயிறு, நீரில் விழுந்தால் விளிம்பில் குத்திப் பிடித்து மேலேற உதவும் கூர்முனைக் கைப்பிடிகள் ஆகியவை இல்லாமலோ, தனியாகவோ இந்தச் சோதனைக்குக்கூடப் போவதில்லை.

மார்ச் மாதத்தில் தடிமனின் கணக்கே பொய்த்துவிடும். கரும்பனிக்கட்டி செங்குத்தான நெடும்படிகங்களால் ஆனது. வெயில் ஏற ஏற, படிகங்களுக்கு இடைப்பட்ட எல்லைகள் முதலில் உருகுவதால், 30 சென்டிமீட்டர் தடிமன் அப்படியே இருந்தும் பிடிப்பு முழுவதும் போய், மெழுகுவத்திகளை அருகருகே நிறுத்தியதுபோல் ஆகிவிடுகிறது. இரவுக் குளிர் அந்த இடைவெளிகளை மீண்டும் உறையவைப்பதால், விடியலில் கோலுக்கு அசையாத பரப்பு, நண்பகலுக்குப் பின் அதே கோலின் ஒரே குத்தில் விட்டுக்கொடுக்கும். பருவத்தின் கடைசி நாட்களில் ஓட்டுவோர் அதிகாலையிலேயே இறங்கி, மணிக்கொரு முறை கோலால் சோதித்து, மேற்பரப்பு இளகத் தொடங்கியதும் படகைக் கரையேற்றிவிடுகிறார்கள்.