கட்டைவிரல் போன பிறகு பாரம் எங்கே போகிறது?

சர்க்கரை நோயால் கால் கட்டைவிரலை எடுத்தவர்களுக்குத் தையல் பிரித்ததும் கண்டம் தாண்டியதாகத் தோன்றும். ஆனால் அடுத்த புண் வர வாய்ப்புள்ள இடம் பக்கத்திலேயே இருக்கிறது: இரண்டாம் விரலுக்குக் கீழே, உள்ளங்காலின் முன்மேட்டில்.

காரணம் நடையில் இருக்கிறது. குதிகாலில் விழும் பாரம் முன்பாதத்துக்கு நகர்ந்து, கடைசியில் கட்டைவிரல் தரையை உந்த, அடி எழும்புகிறது. அந்த விரல் மேல்நோக்கி மடங்கும்போது, குதிகாலிலிருந்து வரும் நார்ப்பட்டை இழுபட்டுப் பாதத்தின் வளைவை விறைப்பாக்கும். விரல் போனால் வளைவு தளரும். உந்தும் வேலை பக்கத்து விரல்களுக்குக் கீழே உள்ள எலும்பு முனைகள்மேல் விழும். இரண்டாம் விரல் கொக்கியாக வளைந்து, நுனியும் தேயும். முடிந்தவரை விரலின் அடி எலும்பில் ஒரு செ.மீ. அளவாவது அறுவை மருத்துவர் விட்டுவைக்கப் பார்ப்பது இதனால்தான். நார்ப்பட்டையும் விரலை மடக்கும் சிறு தசையும் அங்கே பிடித்திருக்கின்றன.

சுண்டுவிரல் போனால் நடை பெரிதாக மாறாது. இரண்டாம் விரல் மட்டும் போனால் கட்டைவிரல் அந்தச் சந்துக்குள் சாயும். சிலிக்கோன் அடைப்பு வைத்துத் தடுக்கலாம்.

வெட்டிய இடம் ஆறுமா என்பதை முடிவுசெய்வது ரத்த ஓட்டம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் காலின் ரத்தக் குழாயில் அடைப்பு என்று பொருள். சர்க்கரை நோயில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி இறுகியிருந்தால் அந்த எண் 1.3-ஐத் தாண்டிப் பொய்யாக உயரும். நல்ல எண் என்று நம்பிவிடக் கூடாது, கால் விரலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். தையல் இரண்டு மூன்று வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். அதுவரை முன்பாதத்தில் பாரம் கூடாது.

பிறகு செருப்பு. ஹவாய் செருப்பை வீட்டை விட்டே அகற்றுங்கள். அதன் வாரைப் பிடிக்கக் கட்டைவிரல் வேண்டும். மரத்த காலில் செருப்பு கழன்று போனதே தெரியாது. பின்வாரும் வெல்க்ரோ பட்டையும் உள்ள எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு நல்லது. வேலூரிலும் அதன் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உணர்விழந்த தொழுநோயாளிகளின் பாதங்களைக் காத்த ரப்பர் அது. மெத்தென்ற உள்தட்டு சுமார் 10 மி.மீ. இருக்கட்டும், அடியில் ஆணி துளைக்காத கெட்டி ரப்பர் வேண்டும். மூடிய ஷூ என்றால், விரல் இல்லாத இடத்தில் மிருதுவான நிரப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷூவின் முனை மடங்கி வெட்டிய இடத்தை உரசும். உள்தட்டைக் கையின் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் மீளாவிட்டால் அது நசுங்கிவிட்டது, மாற்றுங்கள். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவப்பு இருக்கிறதா என்று பாதத்தைப் பாருங்கள்.

தினமும் இரவு, கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதம் பார்ப்பது கட்டாயம். தேட வேண்டியது காய்ப்பு. மஞ்சளாகத் தடித்த தோலுக்கு நடுவே கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால், அடியில் ரத்தம் கசிந்து புண் தொடங்கிவிட்டது. பிளேடால் சீவாதீர்கள், கால் ஆணி பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். பாத மருத்துவரிடம் சீவிக்கொள்ள வேண்டும். தோலின் வெப்பத்தை அளக்கும் வெப்பமானி இருந்தால், இரு பாதத்திலும் அதே இடத்தை ஒப்பிடுங்கள்: வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டி அடுத்த நாளும் நீடித்தால், நடையைக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள்.

இல்லாத விரல் அரிப்பதும் குத்துவதும் கற்பனை இல்லை; நரம்பின் வேலை. பிரிகாபலின் போன்ற மருந்துகள் உண்டு, மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.

பரவும் சிவப்பு, கருமை, நாற்றம், காய்ச்சல் எதுவானாலும் அன்றே போக வேண்டும். மரத்த காலில் வலி வரும் என்று காத்திருக்க முடியாது. மருந்து மாறாமலேயே சர்க்கரை திடீரென ஏறினால், பாதத்தில் தொற்று இருக்கலாம்; செருப்பைக் கழற்றிப் பாருங்கள்.