ஓசூரில் வீடு இருக்கிறது, வாடகைக்கு வருவதில்லை

ஓசூரில் வாடகைக்கு வீடு ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பெங்களூரு வாடகை கட்டுப்படியாகாதவர்கள் இங்கே குடிவந்துவிட்டார்கள் என்பது ஒன்று. வீட்டுக்காரர்களின் பேராசை என்பது இன்னொன்று. வடமாநிலத் தொழிலாளர்கள்தான் காரணம் என்று கோபப்படுகிறவர்களும் நிறைய.

தொழிலாளர்களைக் குறை சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. அரசுத் தொழிற்பேட்டையான சிப்காட் வந்த நாளிலிருந்து வெளியூர் உழைப்பில் வளர்ந்த ஊர் இது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வந்துகொண்டே இருந்தன. வேலைக்கு வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள் என்ற கவலையை மட்டும் ஊர் தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அந்த அளவுக்கு யோசித்தால்தான் இங்கேயும் விடியும்.

ஆனால் வாடகை வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞராக எனக்குக் கண்ணில் படுவது வேறு. மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, பாகலூர் ரோடு, எங்கே போனாலும் மாடி போர்ஷன் பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளரைக் கேட்டால், "குடி வெச்சா காலி பண்ண மாட்டாங்க சார், பத்து வருசம் கோர்ட்டுக்கு அலையணும்" என்கிறார். 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விட்டுப்போன பயம் இது. 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன. எல்லாம் பயத்தால் பூட்டியவை என்று சொல்ல மாட்டேன். என்னிடம் வருகிற உரிமையாளர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பூட்டாத வீடுகளில் பல, ஆலைகளுக்கு ஆள் கொண்டுவருகிற கான்ட்ராக்டர் கைக்குப் போகின்றன. ஒரு ஹால், ஒரு பெட்ரூம் உள்ள வீட்டில் தலைக்கு இவ்வளவு என்று எட்டுப் பேரைத் தங்கவைத்தால் ஒரு குடும்பம் தருகிற வாடகையைவிட அதிகம் வரும். அப்புறம் செப்டிக் டேங்க் நிரம்பி, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து, கடைசியில் பழி அந்த எட்டுப் பேர் மேல் விழுகிறது.

சரி, ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டால் ஒரு தாளை நீட்டுவார்கள். ஜெராக்ஸ் கடையில் வாங்கிய படிவம்; பழைய குடித்தனக்காரர் பெயரைப் பேனாவால் அடித்துப் புதுப் பெயர் எழுதியிருக்கும். பதினொரு மாதம் என்று போட்டுவிட்டால் பதிவே வேண்டாம் என்று இரு தரப்பும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, எந்த வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் இதில் விலக்கு இல்லை.

உரிமையாளர்களின் பயத்துக்கு இந்தச் சட்டத்திலேயே மருந்து இருக்கிறது. காலம் முடிந்தும் காலி செய்யாதவர் இரட்டிப்பு வாடகை தர வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். சிவில் கோர்ட்டுக்குப் போய் வருடக் கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் முக்கியம். எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதே உங்களைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிடும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். பெங்களூரு பழக்கத்தில் இங்கேயும் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், வீடு கிடைத்தால் போதும் என்று கொடுத்துவிடுகிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதும் சட்டப்படி தவறு.

கான்ட்ராக்டருக்கு வீடு கொடுக்கிற உரிமையாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை பேர் தங்கலாம் என்பதை எண்ணிக்கையோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட அவருக்கு உரிமை இல்லை. அதையும் தனி வரியாகச் சேருங்கள். தங்குகிற தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலைக் கையெழுத்தோடு வாங்கி ஒப்பந்தத்துடன் இணைத்து வையுங்கள். தகராறு வந்தால் கான்ட்ராக்டர் போனை அணைத்துவிடுவார். அந்தப் பையன்கள் யார், எவ்வளவு பணம் கட்டினார்கள் என்பதற்கு அப்போது அந்தப் பட்டியலை விட்டால் வேறு சாட்சி இருக்காது.