மூன்று அட்டை, ஒரே மருந்து

மேசையில் மூன்று மாத்திரை அட்டைகள். காய்ச்சலுக்கு 650 மி.கி., நாளுக்கு நாலு வேளை. சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, இரண்டும் மூன்று வேளை. "மூணும் வேற வேற மாத்திரைதானே டாக்டர்?" என்றார் அந்த அம்மா. அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தால் மூன்றிலும் பாராசிட்டமால். சளி மாத்திரையில் 500, வலி மாத்திரையில் 325. கூட்டினால் நாளுக்கு 5,075 மி.கி. பெரியவர்களுக்கு உச்சவரம்பே 4,000தான். போதாக்குறைக்கு நாலு நாளாகச் சரியான சாப்பாடும் இல்லை.

பாராசிட்டமாலின் பெரும்பகுதியை ஈரல் பத்திரமாகச் சிறுநீருக்கு அனுப்பிவிடும். சிறு பங்கு மட்டும் நச்சாக மாறும். அதை ஈரல் செல்லிலேயே இருக்கும் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகும், பட்டினி கிடந்தால் இன்னும் சீக்கிரம். அப்புறம் அந்த நச்சு செல்லின் புரதங்களிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய புரதம் உருக்குலைந்துவிடும்.

அங்கேதான் எச்.எஸ்.பி. 70 என்ற புரதம் வருகிறது. குலைந்த புரதத்தைப் பிடித்து, சிக்கெடுத்து, மறுபடி மடித்துவிடப் பார்க்கும். தேறாததைக் கழிவுக்குத் தள்ளும். எச்.எஸ்.பி. என்றால் 'வெப்ப அதிர்ச்சிப் புரதம்'. அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். இத்தாலியில் ரிட்டோசா என்ற ஆய்வாளர் பழ ஈக்களை வைத்திருந்த இன்குபேட்டரில் சூடு ஏறிப்போனதில் தட்டுப்பட்ட விஷயம் இது. 1962இல் எழுதினார், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ரசாயனம் தாக்கினாலும் செல் இதைத்தான் கூப்பிடும். இதற்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு, அதே அளவு பாராசிட்டமாலில் ஈரல் கூடுதலாகப் புண்ணானது.

சரி, அதுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட முடியாது. இதைப் புதிதாகத் தயாரிக்கச் செல்லுக்குச் சில மணி நேரமாவது வேண்டும், சக்தியும் வேண்டும். நச்சோ சக்தி தரும் மைட்டோகாண்டிரியாவையே அடிக்கிறது. இதில் மோசம், முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடும். ஈரல் புண்ணானதை ரத்தப் பரிசோதனையில் காட்டும் எஸ்.ஜி.பி.டி. நன்றாக ஏற ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். மொத்தமாக அளவு மீறி விழுங்கியவருக்கு, 8 மணி நேரத்துக்குள் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்தை ஏற்றினால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். அது குளுட்டாதயோனை மறுபடி நிரப்பும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டிலேயே இருப்பவர்கள் இந்த நேரத்தைத்தான் தொலைக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு எஸ்.ஜி.பி.டி. நூற்றுக்கணக்கில் இருந்தது. மாத்திரைகளை நிறுத்தி, அசிட்டைல்சிஸ்டீன் ஏற்றியதில் இறங்கியது. வீட்டுக்குப் போகும்போது, "ஈரலுக்கு ஏதாவது டானிக் எழுதித் தாங்களேன்" என்று கேட்டார். எழுதவில்லை. மூன்று அட்டைகளையும் திருப்பி, 'பாராசிட்டமால்' என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தேன்.