எலும்பு மாத்திரையும் காலையின் முதல் அரை மணி நேரமும்

போன மாதம் ஓர் அம்மா எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம், வயது 62. கையில் காலியான மாத்திரை அட்டை ஒன்று. நான்கு மாத்திரை மட்டுமே இருக்கும் சின்ன அட்டை. “இது தீர்ந்துபோச்சு பாப்பா, இன்னொண்ணு குடு” என்றார். கூடவே, “நெஞ்சுக்குழியில மிளகாய் அரைச்சு வெச்ச மாதிரி எரியுது, அதுக்கும் ஏதாச்சும் குடு” என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். எழுதிக் கொடுத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. மருந்து ஆலென்ட்ரோனேட் 70 மி.கி. வாரத்துக்கு ஒன்று என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மருந்து வாங்கிய இடத்தில் யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. நான்கு வாரத்து மருந்தை நான்கே நாளில், காலை டீயோடும் பிரஷர் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். விழுங்கிவிட்டு, முதுகு வலிக்கிறதென்று மறுபடி போய்ப் படுத்தும் இருக்கிறார். நான் புது அட்டை கொடுக்கவில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன்.

பதினாறு வருடமாக இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். எலும்பு மருந்து விஷயத்தில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இதைத்தான். மருத்துவர் சரியாக எழுதுகிறார், வீட்டில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், ஆனால் காலையில் எழுந்த முதல் அரை மணி நேரத்தில் மருந்து வீணாகிவிடுகிறது. சில சமயம் கெடுதலும் செய்கிறது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: ‘எலும்புத் தேய்மானம்’. முட்டி வலித்தாலும் தேய்மானம், கழுத்து வலித்தாலும் தேய்மானம். முட்டி தேய்வது மூட்டு நோய். அங்கே எலும்புகளுக்கு நடுவே இருக்கும் குருத்தெலும்பு கெட்டுப்போகிறது, அதனால் வலிக்கிறது. ஆஸ்டியோபொரோசிஸ் வேறு. அதை எலும்புப்புரை என்று சொல்வார்கள். எலும்பின் உள்ளே இருக்கும் சல்லடை போன்ற அமைப்பு மெலிந்து, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது. அதற்கு வலி கிடையாது. ஒரு நாள் குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்பு நசுங்கும், இல்லை பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறியும். அதுவரை உள்ளே நடப்பது வெளியே தெரியாது. சிலருக்கு உயரம் குறையும், முதுகு வளையும். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஒரு பெரிய நஷ்டம் நடக்கிறது. “மூணு மாசம் போட்டேன், முட்டி வலி அப்படியேதான் இருக்கு, அதான் நிறுத்திட்டேன்” என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார்கள். அந்த மாத்திரை முட்டி வலிக்குக் கொடுத்ததே இல்லை. எலும்பு முறியாமல் இருக்கக் கொடுத்தது. அது வேலை செய்வது உடம்புக்குத் தெரியாது. முறிய வேண்டிய எலும்பு முறியாமல் இருப்பதுதான் அதன் பலன்.

எலும்பு சுவர் மாதிரி அசையாமல் நிற்கும் பொருள் இல்லை. ஒரு வகை செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும், இன்னொரு வகை செல்கள் அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். அரிக்கும் செல்களை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கட்டுக்குள் வைத்திருக்கும். மாதவிலக்கு நின்றதும் அந்த ஹார்மோன் வற்றிவிடுகிறது. அரிப்பது வேகமாகிறது, கட்டுவது ஈடுகொடுக்க முடிவதில்லை. மாதவிலக்கு நின்ற ஐந்து முதல் ஏழு வருடத்துக்குள் சில பெண்கள் தங்கள் எலும்பில் 20 சதவீதம் வரை இழந்துவிடுகிறார்கள்.

“நாங்க சின்ன வயசுலேர்ந்து களி தின்னு வளர்ந்தவங்க, எங்களுக்கு எப்படி எலும்பு மெலியும்?” இந்தக் கேள்வி நியாயமானது. 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. களியை விடவே விடாதீர்கள். ஆனால் கால்சியம் என்பது கட்டுவதற்கான செங்கல். அரிக்கிற செல்லை அது நிறுத்தாது. அதை நிறுத்தத்தான் மாத்திரை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையில், டி-ஸ்கோர் என்ற அடர்த்தி எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தாலோ, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்தாலோ, கால்சியம் மட்டும் போதாது என்று மருத்துவர் சொல்வார். கால்சியம் மாத்திரையையே எலும்பு மருந்து என்று நினைத்துக்கொண்டு, அதை மட்டும் வாங்கி, அந்த நான்கு மாத்திரை அட்டையை ‘விலை கூட’ என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றில்லை.

சரி, அந்த மாத்திரைக்கு வருகிறேன். ஆலென்ட்ரோனேட், ரைசெட்ரோனேட், ஐபான்ட்ரோனேட் மூன்றும் ஒரே குடும்பம். வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று கணக்கு மாறும், சீட்டைப் பாருங்கள். இந்த மருந்துகளுக்கு ஒரு குணம்: வெறும் வயிற்றில், எல்லாம் சரியாகச் செய்து விழுங்கினால்கூட, ஆலென்ட்ரோனேட்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேரும். அந்தத் துளி போதும், எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு பல வருடம் இருக்கும். ஆனால் காபியோடு சாப்பிட்டால் அந்தத் துளியிலும் 60 சதவீதம் போய்விடுகிறது. சாப்பாட்டோடு சேர்த்தாலோ, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாலோ, கிட்டத்தட்ட ஒன்றும் சேர்வதில்லை. கால்சியத்தைப் பார்த்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு குடலோடு வெளியே போய்விடும். பால், டீ, கூழ், மோர் எதுவும் ஆகாது.

வெற்றிலையும் ஆகாது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு வெற்றிலை போடும் பாட்டிகள் நம் ஊரில் நிறைய. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பே கால்சியம்தான். அரை மணி நேரம் பொறுத்துப் போடட்டும். புகையிலை வேண்டவே வேண்டாம். அது எலும்பையும் கெடுக்கும்.

அப்புறம் தண்ணீர். இதை நம் மாவட்டத்தில் கட்டாயம் பேச வேண்டும். வெறும் தண்ணீரில் விழுங்குங்கள் என்று சொல்லிவிட்டு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் நம் போர் தண்ணீர் வெறும் தண்ணீரா? காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பங்கு கால்சியம். அப்படிப்பட்ட உப்புத் தண்ணீரில் விழுங்கினால் மருந்து சரியாகச் சேராது. குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் போதாது, ஒரு முழு டம்ளர், 200 மில்லிக்குக் குறையாமல். மாத்திரை தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். கடிக்கக் கூடாது, சப்பக் கூடாது, பொடித்துக் குடிக்கவும் கூடாது.

விழுங்கிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஐபான்ட்ரோனேட் என்றால் ஒரு மணி நேரம். உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். அதற்கப்புறம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்கை. இரவு படுக்கும்போது இந்த மாத்திரையைப் போடவே கூடாது. அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள், விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், உணவுக்குழாய் சுருக்கம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் சொல்லுங்கள். போட ஆரம்பித்த பிறகு விழுங்கும்போது வலித்தாலோ, நெஞ்செரிச்சல் புதிதாக வந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போய்ப் பாருங்கள்.

மற்ற மாத்திரைகள் எல்லாம் அரை மணி நேரத்துக்குப் பிறகுதான், ஐபான்ட்ரோனேட் என்றால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, ரொம்ப நல்ல காரியம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்து, காலையில் ஒரு பிடியாக விழுங்கும் பழக்கமும் வந்திருக்கிறது. எலும்பு மாத்திரையைத் தனியாக வையுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அன்றைக்கு எதை முதலில் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள். கால்சியம் மாத்திரையை மதியமோ இரவோ சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் எதோடும் மோதாது.

வாரத்தில் எந்த நாள் என்பதை நான் சந்தையை வைத்துத்தான் சொல்கிறேன். போச்சம்பள்ளிக்காரர்களுக்கு ஞாயிறு. அவரவர் ஊர்ச் சந்தை எந்தக் கிழமையோ அந்தக் கிழமை. தேதி மறந்தாலும் சந்தை மறக்காது. மறந்தே போய்விட்டால், நினைவு வந்த மறுநாள் காலையில் ஒன்று போடுங்கள், அப்புறம் பழைய கிழமைக்கே திரும்புங்கள். ஒரே நாளில் இரண்டு கூடாது.

வைட்டமின் டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 60,000 யூனிட் மாத்திரையும் பொடியும் வாரத்துக்கு ஒன்று, அதுவும் மருத்துவர் சொன்ன வாரங்கள் வரைதான். தினமும் எடுத்து, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போனவர்கள் உண்டு. சத்து மாத்திரைதானே என்று நினைக்க வேண்டாம்.

பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குவதற்கு முன்பே பிடுங்கிவிடுவது நல்லது. தாடை எலும்பு கெடும் என்ற பயத்தில் நிறையப் பேர் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். எலும்புப்புரைக்கான அளவில் அது மிக அரிது. பல் மருத்துவரிடம் ‘இந்த மாத்திரை போடுகிறேன்’ என்று சொன்னால் போதும், அவர் பார்த்துக்கொள்வார். இன்னொன்று: பல வருடம் போட்ட பிறகு தொடையிலோ இடுப்பின் கவட்டையிலோ காரணமில்லாத வலி வந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அரிதாகத் தொடை எலும்பில் மெல்லிய விரிசல் விழலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதனால்தான் ஐந்து வருடம் ஆனதும் மருத்துவர் மறுபடி பார்த்து, தொடரலாமா, கொஞ்ச காலம் இடைவெளி விடலாமா என்று முடிவு செய்கிறார். அந்த முடிவு அவருடையது, நாமே எடுப்பது அல்ல.

ஊசிகளும் உண்டு. சோலெட்ரோனிக் அமிலம் வருடத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றுவது. முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், போய்விடும். டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. இதில் மட்டும் ஒரு கண்டிப்பு: தள்ளிப்போடக் கூடாது. மாத்திரை மாதிரி இது எலும்பில் தங்குவதில்லை. நிறுத்தினால் எலும்பு வேகமாக மெலிந்து, முதுகெலும்புகள் வரிசையாக நசுங்கியிருக்கின்றன. பேத்தி கல்யாணம் முடியட்டும், மாங்காய் சீசன் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

நம் மண்ணுக்கே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மி.கி.யைத் தாண்டினால் குடிக்க ஆகாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். ஆனால் இன்றைக்கு 60 வயதாகும் பெண்கள் அதற்கு முன் நாற்பது, ஐம்பது வருடம் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் குடித்து வளர்ந்தவர்கள். ஃப்ளோரைடு சேர்ந்த எலும்பு படத்தில் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் உறுதி இருக்காது. டெக்ஸா எண் நன்றாக இருந்தும் எலும்பு நொறுங்கலாம். அதனால் பல்லில் பழுப்புக் கோடு இருந்தால், சின்ன வயதிலிருந்தே முதுகும் மூட்டும் விறைத்திருந்தால், எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து வந்த மருத்துவர் என்றால் அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

காரிமங்கலம் பக்கத்து அக்கா ஒருவர் மூன்று வருடமாக எங்களிடம்தான் வாங்குகிறார். ஆரம்பத்தில் அந்த அரை மணி நேரம்தான் அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிறேன் என்றார். குனிந்து செய்யும் வேலை வேண்டாம், மாத்திரை மேலே ஏறி எரியும் என்றேன். யோசித்துவிட்டு, “அப்ப பாலை ஊத்திட்டு வரட்டுமா?” என்று கேட்டார். சொசைட்டிக்கு நடந்து போய், வரிசையில் நின்று பாலை ஊற்றிவிட்டுத் திரும்பி வரச் சரியாக அரை மணி நேரம் ஆகிறதாம். கேன் கனமா என்று கேட்டேன். அதைப் பையன் வண்டியில் கொண்டுபோய்விடுகிறான், இவர் கையில் அளவு அட்டை மட்டும்தான். வியாழக்கிழமை எழுந்ததும் பல் விளக்கி, ஒகேனக்கல் தண்ணீரில் மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். திரும்பி வந்துதான் டீ. நாள்காட்டித் தாளில் மாத்திரை போட்ட வியாழன் எல்லாம் பேனாவால் வட்டம் போட்டு, கிழித்த தாளைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார். புது அட்டை வாங்க வரும்போது அந்த நான்கு தாளையும் என் மேஜை மேல் எடுத்து வைப்பார். நான் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அட்டையை எடுப்பேன்.