அந்திமந்தாரை அன்று, நீர்க்கிராம்பு

ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெயை 'மாலை ரோஜா எண்ணெய்' என்றும், அச்செடியின் குடும்பமாகிய ஓனகிரேசியை 'அந்திமந்தாரைக் குடும்பம்' என்றும் எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. இரண்டுமே பிழை. பிரிம்ரோஸ் என்பது 'முதல் ரோஜா' எனப் பொருள்படும் லத்தீன் தொடரின் வழிவந்தது. ஐரோப்பாவில் இளவேனிலில் முந்திப் பூக்கும் வேறொரு செடியின் பெயர். வட அமெரிக்காவிலிருந்து வந்த, அந்தியில் மலரும் மஞ்சள் பூவுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். அது ரோஜாவும் அன்று, பிரிம்ரோசும் அன்று.

'மாலை ரோஜா' வெறும் அறியாமை; 'அந்திமந்தாரை'யோ வேறொரு செடியின் பெயரைப் பறித்துக் கொடுப்பது. முற்றத்து அந்திமந்தாரைக்கு உண்மையில் அல்லி இதழே கிடையாது. மொட்டை மூடும் வெளிச் சுற்றான புல்லி நிறமேறிக் குழலாகி நிற்பதைத்தான் பூ என்கிறோம். ஓனகிரேசியிலோ பூவுக்குக் கீழே காம்பு போல நீண்டிருப்பதே விதை உண்டாகும் சூலகம்; புல்லியும் இதழும் அதன் தலையில் அமர்ந்திருக்கும். மலரும் பொழுதை மட்டும் பார்த்துக் குடும்பத்துக்குப் பெயரிட்டால், இதே குடும்பத்தைச் சேர்ந்த, பகலெல்லாம் மலர்ந்து தொங்கும் ஃபியூசியாவை எங்கே சேர்ப்பது?

மதுரைச் சீமையில் இக்குடும்பத்துக்குச் சொந்தப் பெயரே இருக்கிறது. மேலூர் வயல் வாய்க்கால்களிலும் கண்மாய்க் கரைச் சேற்றிலும் வளரும் நீர்க்கிராம்பு, சுவீடன் தாவரவியலார் லின்னேயஸ் 1753இல் லுட்விக் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயரால் லுட்விஜியா என்றழைத்த பேரினத்தைச் சேர்ந்தது. மஞ்சள் இதழ் நான்கும் கை பட்டாலே உதிரும். அடியிலிருந்த சூலகம் நீண்ட காயாகும். அதன் உச்சியில் நான்கு புல்லிகளும் உதிராமல் விரிந்து நிற்கும். அஞ்சறைப் பெட்டிக் கிராம்பின் வடிவம் அதுதான். ஆளின் பெயரைச் சூட்டிய லத்தீனைவிட, கீழ்மட்டச் சூலகத்தைக் கண்டு வைத்த இப்பெயரே செடியை அடையாளம் காட்டுகிறது.

கிராம்பு நாவல் குடும்பத்தது, குழப்பம் வராதா என்று கேட்பார்கள். 'நீர்' என்ற முன்னொட்டே பிரித்துக் காட்டிவிடும். தாவரவியலாரும் இவ்விரு குடும்பங்களையும் குடும்பத்துக்கு மேலான பிரிவாகிய ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். எனவே ஓனகிரேசியை நீர்க்கிராம்புக் குடும்பம் என்றே எழுத வேண்டும். எண்ணெய் தரும் அயல்செடியை ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்று ஒலிபெயர்த்தாலே போதும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுகிறார்களே தவிர, வாய்க்கால் வரப்பில் நிற்பவரிடம் பெயர் கேட்பதில்லை. கேட்டிருந்தால், ஐந்து வெள்ளை இதழும் தண்டில் பஞ்சு போன்ற மிதவைகளுமாகக் கண்மாய் நீரில் படரும் கொடியின் பூவையும், அதன் அடிச் சூலகத்தைப் பார்த்தே இதே குடும்பத்தில் சேர்த்திருப்பார்கள்.