ராத்திரி 2 மணிக்கு யார் போனை எடுப்பார்கள்?

கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸைத் தேடி வருகிறவர்கள் முதலில் அறையைத்தான் பார்க்கிறார்கள். ஜன்னல் இருக்கிறதா, பாத்ரூம் தனியா பொதுவா, கூட ஒருவர் தங்கலாமா. எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் ராத்திரி 2 மணிக்கு வலி தாங்காமல் துடித்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நர்ஸாகப் பல வருடம் இந்தக் கட்டில்களுக்குப் பக்கத்திலேயே நின்றவள் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

அதற்கு அப்புறம் வருகிறேன். முன்னால் ஒரு மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. இரண்டு முறை ஐசியூவுக்குப் போய் வந்துவிட்டார். ஊசி குத்திக் குத்திப் புறங்கை நீலம் பாய்ந்து வீங்கிக் கிடந்தது. உதடு வெடித்து, நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தது. வாயைத் துடைத்துவிட்டுப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். மகள் அட்மிஷன் தாளில் கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "நாங்க கைகழுவிட்டோம்னு அம்மா நினைச்சுக்குவாங்களா சிஸ்டர்?"

வலிக்கு நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுத்தோம். வாய்க்கு மருந்து போட்டோம். இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த அம்மா மகளைக் கூப்பிட்டு, "தலையைக் கொஞ்சம் வாரிவிடு" என்றார். வாரக்கணக்கில் தலையணையோடு அழுந்திச் சடை பிடித்த முடி. மகள் நுனியிலிருந்து தொடங்கி, எண்ணெய் தொட்டுத் தொட்டு, ஒரு மணி நேரம் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். எங்களோடு அவர் இருந்தது மொத்தம் 9 நாள். "ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே, ஏன் யாரும் சொல்லலை?" என்று மகள் பிறகு கேட்டார். இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதம் கிடையாது.

"இனி செய்ய ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அந்த அம்மாவுக்கு வாயைத் துடைத்துவிட வேண்டியிருந்ததே!

இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது. நோய்த்தணிப்பு சிகிச்சை என்கிற பேலியேட்டிவ் கேர், நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே கீமோவோடு சேர்ந்தே நடக்கலாம். நோயை எதிர்க்கும் சிகிச்சையால் இனி பலனைவிடச் சிரமமே அதிகம் என்ற கட்டத்தில் வருவது ஹாஸ்பிஸ். அது ஒரு கட்டடமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பல இடங்களில் குழுவே வீட்டுக்கு வந்து பார்க்கிறது. புற்றுநோய்க்கு மட்டும் என்றும் இல்லை. இதயம், நுரையீரல், சிறுநீரகம் தளர்ந்தவர்களும், மறதி நோய் முற்றியவர்களும் வருகிறார்கள். உடம்பு தேறினால் திரும்பிப் போகலாம், போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீக்கிரம் வந்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று ஒரு பயம். முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே பேலியேட்டிவ் கேரும் பெற்றவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை 11.6 மாதம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு அது 8.9 மாதம். கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைவாக நடந்ததும் முதல் பிரிவில்தான்.

எப்போது யோசிக்கத் தொடங்குவது? திரும்பத் திரும்ப அட்மிஷன், உடம்பு கரைந்துகொண்டே போவது, பகலிலும் பெரும்பாலும் படுக்கை. இவை சேர்ந்து வந்தால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள இவர் இறந்துட்டா, நீங்க ஆச்சரியப்படுவீங்களா?" டாக்டர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது. பதில் வருவதற்கு முன் வரும் மௌனத்தையும் கவனியுங்கள்.

இனி மார்ஃபின். பெயரைக் கேட்டதும் பாதிக் குடும்பங்கள் பின்வாங்கிவிடுகின்றன. இன்றைய ஹாஸ்பிஸ் முறைக்கு வித்திட்டவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகத் தொடங்கிப் பிறகு டாக்டருக்குப் படித்து, 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தவர். (நர்ஸாகத் தொடங்கியவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.) நோயாளி மருந்துக்குக் கெஞ்சும்வரை காத்திருக்கக் கூடாது, வலி தலைதூக்கும் முன்பே நேரப்படி கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் விடாமல் சொன்ன விஷயம். வலிக்கு ஏற்ற அளவில், கண்காணிப்போடு கொடுக்கும் மார்ஃபின் சாவை விரைவுபடுத்துவதில்லை. சிறிய அளவில் கொடுத்தால் மூச்சுத்திணறலுக்கும் உதவும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் வரும், பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாக அடங்காது. அதனால் மார்ஃபின் எழுதும்போதே மலமிளக்கியும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்த இடத்தின் அனுபவம் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆக, இடம் பார்க்கப் போகும்போது என்ன கேட்பது? ராத்திரியில் போனை எடுப்பவர் நர்ஸா, வெறும் செய்தி வாங்கிக்கொள்பவரா? மார்ஃபின் எப்போதும் கையிருப்பில் இருக்கிறதா? வீட்டில் வைத்துப் பார்த்தால் வாரத்துக்கு எத்தனை முறை வருவார்கள்? பார்த்துக்கொள்கிறவர் சில நாள் ஓய்வெடுக்க, நோயாளியை அங்கே தங்கவைக்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று பிள்ளைகள் வாசலிலேயே மறிப்பார்கள். உள்ளே போனால் அப்பா என் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியும்மா, பசங்க தாங்க மாட்டாங்க, காட்டிக்காதீங்க" என்பார். இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டே நாட்கள் போகும். எங்கே இருக்க ஆசை, எது வேண்டவே வேண்டாம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.

கடைசி நாட்களில் சாப்பாடு தானாகக் குறையும். பசி எடுக்காத உடம்புக்குள் ட்ரிப்ஸ் ஏற்றினால் சில சமயம் அது கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும்தான் திரும்பி வரும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தால் போதும்.

போன் என்றேனே. ஒருநாள் ராத்திரி ஒரு மகன் கூப்பிட்டார். அப்பாவுக்குத் தொண்டையில் கரகரவென்று சத்தம், மூச்சு நின்று நின்று வருகிறது, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்றார். முகம் சுளிக்கிறாரா, நெற்றி சுருங்குகிறதா என்று கேட்டேன். இல்லை, தூங்குகிற மாதிரி இருக்கிறார் என்றார். விழுங்க முடியாமல் தொண்டையில் தங்கிய எச்சில்தான் அந்தச் சத்தம், அவருக்கு அது தெரியாது என்று சொல்லி, ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை கொடுக்கச் சொன்னேன். போனை வைக்காமலே செய்தார். சத்தம் கொஞ்சம் குறைந்தது. "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். பிறகு அவர் அப்பாவிடம் பேசத் தொடங்கினார். நான் போனை வைத்துவிட்டேன்.