பாதியில் நின்ற பெயர் மாற்றம்

அந்தப் பெண் என் மேசைமேல் பரப்பி வைத்தது நான்கு ஆவணங்கள். பட்டச் சான்றிதழில் பிறந்த வீட்டுப் பெயர். வங்கிப் புத்தகத்தில் கணவரின் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் இரண்டும், நடுவில் ஒரு சின்னக் கோடு. அலுவலக அடையாள அட்டையில் அதே இரண்டும் இடம் மாறி, கோடு இல்லாமல். "எல்லாமே நான்தான் மேடம்" என்றார். எனக்குப் புரிந்தது. வீட்டுக் கடன் கொடுக்க வேண்டிய வங்கியின் கண்ணுக்குத்தான் நான்கு பேர் தெரிந்தார்கள்.

வழக்கறிஞராக நான் அடிக்கடி எழுதித் தருவது விவாகரத்து மனுவோ உயிலோ இல்லை. "மேற்படி பெயர்களில் குறிப்பிடப்படும் நபர் நான் ஒருவரே" என்கிற உறுதிமொழிப் பத்திரம்தான். அதைக் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்யாணத்துக்குப் பிறகு பெயரைப் பாதி மாற்றி, மீதியை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவர்கள். முழுக்க மாற்றியவர்களும் தொடவே தொடாதவர்களும் என்னைத் தேடி வருவது குறைவு.

மாற்றியே ஆக வேண்டுமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பெரும்பாலான நாடுகளில் அப்படிக் கட்டாயம் இல்லை. இந்தியாவில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றத் தேவையில்லை என்று 2017இல் பிரதமரே அறிவித்தார். ஆனாலும் "மாத்தணுமாமே" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கதை தலைகீழ்: 1981 முதல், கல்யாணமானாலும் இருவரும் அவரவர் பிறப்புப் பெயரில்தான் சட்டப்படி இயங்க வேண்டும். பிரான்ஸில் 1794ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்புப் பதிவில் உள்ள பெயர்தான் பெயர். துணைவரின் பெயரைப் புழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஜப்பான் வேறு கோடி. அங்கே குடிமைச் சட்டத்தின் 750ஆம் பிரிவு தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் என்கிறது. யாருடையது என்று அவர்களே தேர்ந்தெடுக்கலாம். மாறுவது என்னவோ பெரும்பாலும் மனைவியின் பெயர். இதை எதிர்த்த வழக்குகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் ஏற்கவில்லை. ஜெர்மனியில் 2025 மே முதல் இருவருமே இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், குடியுரிமை ஒரு நாட்டிலும் குடித்தனம் இன்னொரு நாட்டிலுமாக இருப்பவர்கள் இப்போது நிறைய. கல்யாணம் பதிவாகும் இடத்தில் அனுமதிக்கிற பெயரைப் பாஸ்போர்ட் தருகிற நாடும் ஏற்குமா என்று பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்தில் ஏறிய பிறகு கேட்டால் என்னைப் போன்றவர்களுக்குத்தான் வேலை.

சரி, விருப்பம் நம்முடையது என்றால் எப்படி முடிவெடுப்பது? உங்கள் பெயர் இதுவரை எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள் என்பேன். படிப்பு முடிந்து, ஒரு சான்றிதழும் ஒரு வங்கிக் கணக்கும் மட்டும் இருந்தால் மாற்றுவது சில நாள் அலைச்சல். பத்து வருடமாகத் தொழில் செய்கிற மருத்துவருக்கோ, பெயரில் சொத்து உள்ளவருக்கோ தாள் நிறைந்துவிடும். என்னிடம் வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் கல்யாணத்துக்கு முன் ஒரு பெயரிலும் பின் இன்னொரு பெயரிலும் கட்டுரைகள் எழுதியிருந்தார். இணையத்தில் தேடினால் ஆளுக்குப் பாதி அனுபவத்தோடு இரண்டு பேர் வருகிறார்கள். ஆய்வாளர்களுக்கென்று 2012இல் வந்த ஆர்கிட் எண், பெயர் மாறினாலும் கட்டுரைகளை ஓர் ஆளோடு கட்டி வைக்கும். அவர் அதை எடுக்கவே இல்லை.

வீட்டார் ஆசைப்படுகிறார்கள் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், ஒவ்வொரு அலுவலக வரிசையிலும் நிற்கப்போவது யார் என்று கேட்டுப் பாருங்கள். ஆசையின் சூடு கொஞ்சம் தணியும். சட்டப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, நண்பர்கள் மத்தியிலும் ஃபேஸ்புக்கிலும் கணவர் பெயரோடு வலம் வருவது நல்ல நடுவழி. கையெழுத்துப் போடுகிற இடத்தில் மட்டும் ஒரே பெயர் இருந்தால் போதும்.

இரட்டைப் பெயர் சமரசமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோடு இருக்கிறதே, அது படுத்தும் பாடு தனி. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்குமல்லவா? அதில் கோட்டுக்கு இடமில்லை. அந்த இடத்தில் '<' என்ற நிரப்புக்குறிதான் விழும். முழுப் பெயருக்கும் சேர்த்து அங்கே 39 இடங்கள். அதற்கு மேல் போனால் பெயர் வெட்டுப்படும். கோடு வேண்டுமென்றால் எல்லா ஆவணத்திலும் வேண்டும், வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். குடும்பப் பெயரே இல்லாமல் தனிப்பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வேறு தலைவலி. அவர்களின் அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் கல்யாணத்தைச் சாக்காக வைத்துப் பெயரைச் சீராக்கிக்கொள்வது நல்ல யோசனைதான், ஒரே மூச்சில் செய்து முடிப்பதாக இருந்தால்.

மாற்றுவதென்று முடிவானால் வேரிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லோரும் எந்த ஆவணத்தைப் பார்த்து நம்புகிறார்களோ, அதுதான் முதலில். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு அலுவலகப் பதிவு, பிறகு ஓட்டுநர் உரிமம். இங்கிலாந்தில் கணவர் பெயரை ஏற்பதற்குத் திருமணச் சான்றிதழே போதும். அதைத் தாண்டிப் புதுப் பெயர் என்றால் 'டீட் போல்' என்கிற பெயர் மாற்றப் பத்திரம் எழுத வேண்டும். இந்தியாவில் ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் சாதாரணமாகத் திருத்த முடியும், எழுத்துப்பிழைக்கு ஒன்றைச் செலவழித்துவிட்டு வந்து நிற்காதீர்கள். வெளிநாட்டுப் பயணச் சீட்டு எடுத்திருந்தால் போய் வரும்வரை பாஸ்போர்ட்டைத் தொட வேண்டாம். சீட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும், ஆசைப்படுகிற பெயர் இல்லை.

பட்டச் சான்றிதழ் பெரும்பாலும் பழைய பெயரிலேயே இருந்துவிடும். அது பரவாயில்லை. பழைய பெயருக்கும் புதுப் பெயருக்கும் நடுவே பாலம் திருமணச் சான்றிதழ்தான். அதில் சான்றளித்த நகல்கள் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழைய அடையாள அட்டைகளின் பிரதிகளையும் தூக்கிப் போடாதீர்கள். காப்பீட்டிலும் வங்கியிலும் மற்றவர்கள் உங்களை வாரிசுதாரராகக் காட்டியிருப்பார்கள், அங்கேயும் பெயர் மாற வேண்டும். இதை அநேகமாக எல்லோருமே மறக்கிறார்கள்.

திரும்பி வருகிற வழியைப் பற்றிக் கல்யாண நேரத்தில் பேசினால் அபசகுனம் என்பார்கள். நான் பேசிவிடுவேன். மணமான பெண் பழைய பெயருக்குத் திரும்ப, விவாகரத்து ஆவணமோ கணவரின் ஆட்சேபணையின்மைக் கடிதமோ வேண்டும் என்ற மத்திய அரசின் அறிவிக்கையை எதிர்த்து 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்கே தொடுக்க வேண்டி வந்தது. போகும்போது யாரும் கேட்காத கடிதம் அது.

நான்கு பெயர்ப் பெண்ணுக்கு வருவோம். எந்தப் பெயரில் இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஆவணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டச் சான்றிதழை எடுத்து மேலே வைத்தார். "இதை மாத்த முடியாதுன்னு பல்கலைக்கழகத்துல சொல்லிட்டாங்க. அப்ப மத்ததெல்லாம் இதுக்கு வரட்டும்." நல்ல காரணம்தான். உறுதிமொழிப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து நீட்டினேன். பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல எந்தக் கையெழுத்து மேடம் போடட்டும்?"